கிரானுலோசா செல் கட்டி

கருமுட்டையைச் சூழ்ந்து வளர்க்கும் கிரானுலோசா செல்களிலிருந்து சினைப்பையில் உருவாகும் அரிய புற்றுநோய். சினைப்பைப் புற்றுநோய்களில் இதன் பங்கு 2 முதல் 5 விழுக்காடு. மெல்ல வளர்வதால் சாதுவான கட்டி என்பாருண்டு. அகற்றி 20 ஆண்டு கழிந்தபின்பும் திரும்பி வருவதைப் பார்த்தால் அப்படிச் சொல்வதற்கில்லை.

1855இல் ரோகிடான்ஸ்கி இதை முதலில் விவரித்தார். நோயியலாளர் இன்றும் தேடும் அடையாளமோ வேறு வழியில் கிடைத்தது. மிச்சிகனில் மருத்துவம் படித்து வியன்னா சென்ற எம்மா கால் என்ற பெண், சிக்மண்ட் எக்ஸ்னருடன் சேர்ந்து 1875இல் முயலின் சினைப்பையை ஆராய்ந்தார். செல்கள் வட்டமாகச் சூழ, நடுவே இளஞ்சிவப்பு நீர் தேங்கிய நுண்குழிகள் தெரிந்தன. ‘கால்-எக்ஸ்னர் உருக்கள்’ என்ற பெயர் பின்னாளில் கட்டியில் தெரியும் இத்தகைய குழிகளுக்கும் வந்தது. கால் 1884இல் மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

வெட்டிப் பார்த்தால் கட்டி மஞ்சளும் சாம்பலும் கலந்திருக்கும். இடையிடையே ரத்தம் நிறைந்த பைகள். நுண்ணோக்கியில் செல்லின் உட்கரு வெளிறி, காப்பிக்கொட்டையைப் போல நடுவில் கோடு விழுந்திருக்கும். கால்-எக்ஸ்னர் உருக்கள் எல்லாக் கட்டியிலும் இருப்பதில்லை, ஆகவே இந்தக் கோடுதான் கைகொடுக்கிறது. தீக்கோமா என்ற கட்டியோடு குழப்பம் வந்தால் ரெட்டிகுலின் சாயம் தீர்த்துவைக்கும்: தீக்கோமாவில் இழைகள் ஒவ்வொரு செல்லையும் சுற்றும், இதில் செல் கூட்டத்தை மட்டுமே சுற்றும். கட்டியை அடையாளம் காண இன்ஹிபின் என்ற ஹார்மோனின் சோதனையும் துணை செய்யும். இளம்வயதினருக்கு வரும் வகையில் உட்கருக் கோடு அரிது. பெரியவர்களுக்கு வரும் வகையில் சுமார் 97 விழுக்காட்டுக் கட்டிகளில் ஃபாக்ஸ்எல்2 மரபணுவில் ஒரே இடத்தில் பிழை இருப்பது 2009இல் தெரியவந்தது.

கட்டி ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு மறுபடி உதிரம் படுவது இதனால் நேரலாம். வயது திரும்புகிறது என்று மகிழ ஏதுமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் குறித்து ‘சி.எம்.சி.க்குப் போ’ என்று சொல்லும் வழக்கம் இத்தகைய நேரத்தில் நல்லதே. அவ்வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் பாலாற்றைக் கெடுத்தது உண்மை. அறுமதிக் குரோமியம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவதும் நிறுவப்பட்டது. இந்தக் கட்டிக்கு அது காரணமென்பதற்குச் சான்றில்லை.

முதன்மைச் சிகிச்சை அறுவையே. பிறகு ரத்தத்தில் இன்ஹிபின் அளவைப் பல ஆண்டுகள் பார்த்துவர வேண்டும்.