எம்.சி.ஆர். செருப்பு வந்த வழி

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பாதியளவுக்கு அமுங்க வேண்டும். விட்டதும் எழும்ப வேண்டும். எம்.சி.ஆர். செருப்புக்கு ரப்பர் பார்த்து எடுப்பவர்கள் செய்யும் சோதனை இது. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் காற்றறைகள். அந்த மெத்தைக்கு அடியில், முள் ஏறாதபடி கெட்டியான ரப்பர். ஆணி ஒன்றுகூட இருக்காது, பசையும் தையலும்தான். செருப்பு கழன்றுபோனாலும் நோயால் மரத்துப்போன காலுக்குத் தெரியாது என்பதால் குதிகாலைச் சுற்றியும் வார்.

தொழுநோயாளிகளின் செருப்பாக இது உருப்பெற்றது வேலூரிலும் அதன் அருகே கரிகிரியிலும். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்து நடந்துதான் பாதம் தேய்கிறது என்று எடுத்துக்காட்டினார். அப்படியானால் மருந்தோடு செருப்பும் சிகிச்சைதான். 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில் இன்னொன்றும் நடந்தது. அங்கிருந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி, பொட்டலாகக் கிடந்த வளாகத்தில் மரங்களை வளர்த்துச் சோலையாக்கினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கான செருப்பும் நிழலும் ஒரே இடத்தில் கிடைத்தன. சிகிச்சைத் தோட்டம் என்ற பேச்சு நம் பக்கம் வருவதற்கு வெகு முன்பே அது நடந்துவிட்டது.

பிறகு அந்தச் செருப்பு சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் வந்தது. அவர்களுக்கும் அதே மரமரப்பு, அதே ஆறாத புண். ஆனால் நம் பூங்காக்கள் இந்தக் காலை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. 'எட்டு' போட்டு நடக்கக் கூழாங்கல் பதித்த பாதை ஊருக்கு ஊர் இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று வெறுங்காலோடு அதில் இறங்குபவர்களில் எத்தனையோ பேர் சர்க்கரைக்காரர்கள். உணர்வுள்ள பாதத்துக்குச் சுகமாக இருக்கும் கல், உணர்வற்ற பாதத்தைக் கிழிக்கும். அந்தப் பாதைகளின் வாசலில் எச்சரிக்கைப் பலகையாவது இருக்க வேண்டும் என்று கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் இது இன்னும் கூர்மையான கேள்வி. 1989 வரை வேலூரோடு ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, வெறுங்காலே வழக்கம். பகல் வெயிலில் காயும் தார்ச்சாலை, மரத்த காலைக் கொப்புளமாக்கிய பிறகும் நடப்பவருக்குத் தெரியாது. மருத்துவர் போடச் சொன்ன செருப்போடு வருபவரை அண்ணாமலையார் தள்ளிவைக்க மாட்டார். சுற்றி நடப்பவர்களும் அவரை முறைக்காமல் இருந்தால் போதும்.

இந்த மலையடிவாரத்தில் எல்லோருக்குமான தோட்டம் ஒன்று அமைப்பவர்கள் செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் தரையைப் பார்க்கட்டும். மேடுபள்ளமில்லாத, வழுக்காத, சக்கர நாற்காலியும் திரும்பக்கூடிய பாதை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு நிழல் திண்ணை. அதன் பக்கத்தில் தண்ணீர்க் குழாய். உள்ளங்காலைக் குனியாமல் பார்க்கத் தரையோரம் சாய்த்து வைத்த கண்ணாடி. காய்ந்த முள்ளை அன்றாடம் பெருக்க ஆள் வேண்டும். எம்.சி.ஆர். ரப்பர் நாள்பட அமுங்கித் தட்டையாகிவிடும், மெத்தை போனால் செருப்பு இருந்தும் பயனில்லை. ஆகவே வாசலிலேயே, அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவருக்குச் சின்னக் கடை ஒதுக்க வேண்டும்.