பஞ்சுக் கழிவில் பிறந்த கார்

பிளாஸ்டிக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிசினைப் பற்றியே எழுதுகிறார்கள். அதனுள் கலந்திருந்த தாவரக் கழிவு அதிகம் பேசப்படுவதில்லை. 'நிரப்பி' என்று அதற்கு இடப்பட்ட பெயரிலேயே, வெறுமனே இடத்தை அடைக்க வந்த பொருள் என்ற அலட்சியம் தொனிக்கிறது. ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட், பீனாலையும் பார்மால்டிஹைடையும் கொண்டு உருவாக்கிய பேக்கலைட்டை 1909-இல் அறிவித்தார். முழுமையான முதல் செயற்கைப் பிளாஸ்டிக் என்று அது கொண்டாடப்படுகிறது. எனினும் அந்தப் பிசின் தனித்து இறுகினால் எளிதில் நொறுங்கிவிடும். மரத்தை மாவாக அரைத்துச் சேர்த்தபோதுதான் அது அடி தாங்கியது; விலையும் குறைந்தது. முந்தைய தலைமுறையின் கறுப்புத் தொலைபேசிகளும் மின்விசைப் பொத்தான்களும் இத்தகைய கலவையிலிருந்தே வந்தன. செயற்கைப் பொருட்களின் யுகம் மரத்தூளின் துணையோடு தொடங்கியது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் இக்கதை இன்னொரு திருப்பத்தைக் கண்டது. மேற்குலகின் வணிகத் தடையால் கார் செய்வதற்கான எஃகுத் தகடு அங்கே அரிதாயிற்று. பழுப்பு நிலக்கரி இருந்தது. அதிலிருந்து பீனால் பிசின் கிடைத்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பஞ்சுக் கழிவு வந்தது. பஞ்சை அடுக்கடுக்காகப் பரப்பி, இடையே பிசின் தூளிட்டு, சூடான அச்சில் அழுத்தினார்கள். டூரோபிளாஸ்ட் பிறந்தது. எஃகுச் சட்டகத்தின்மேல் இந்தத் தகடுகளைப் பொருத்திய டிராபன்ட் கார், ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை தயாரானது. 30 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன.

அந்தத் தகடு துருப்பிடிக்கவில்லை. ஆனால் எஃகுத் தகட்டை நொடிகளில் வடித்துவிடலாம். இதுவோ அச்சுக்குள் பல நிமிடங்கள் வேக வேண்டும். ஒரு காருக்காக மக்கள் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்த நாட்டில் இந்தத் தாமதமும் சிறிதல்ல.

சுவர் விழுந்த பின் மக்கள் டிராபன்ட்களைக் கைவிட்டபோதுதான் உண்மையான கேள்வி எழுந்தது. இறுகிய பீனால் பிசினை மீண்டும் உருக்க இயலாது. எரித்தால் நச்சுப் புகை. குஸ்துரிகாவின் 'கறுப்புப் பூனை, வெள்ளைப் பூனை' (1998) திரைப்படத்தில் ஒரு பன்றி டிராபன்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். அந்த நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு இருந்தது.

இன்று ஆளி, சணல் போன்ற நார்களைப் பாலிபுரொப்பிலீனில் கலந்து கார்க் கதவுகளின் உட்புறத் தகடுகளைச் செய்கிறார்கள். இதை உருக்க முடியும் என்பது முன்னேற்றமே. ஆயினும் நாரும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிட்டால் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். மண்ணில் தானே மட்கியிருக்கக்கூடிய பஞ்சை, மண் ஏற்க மறுக்கும் பொருளாக மாற்றிவிட்டோம் என்பதே டிராபன்ட் விட்டுச்சென்ற செய்தி. கழிவுக்கு ஒரு பயன் கண்டுபிடித்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பயன் தீர்ந்த பின் அப்பொருள் எங்கே போகும் என்பதையும் நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது.