இழந்த பேச்சை மீட்ட வரலாறு

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பர் நம் முன்னோர். ஆயின், நேற்றுவரை ஊர்க்கூட்டத்திற் பேசிய ஒருவர் பாரிசவாதத்தால் இன்று பேச்சிழந்தால் அவர் நிலை யாது? 'புத்தி பேதலித்துவிட்டது' என்று அவரை மூலையில் இருத்திவிடுவோர் பலர். இவ்வெண்ணம் பிழையானது என்பதை வரலாறு காட்டுகின்றது.

1745ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து அறிஞர் ஓலொவ் டாலின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். வலப்பக்கம் வழங்காது பேச்சும் இழந்த அம்மனிதர், பிறர் அடியெடுத்துக் கொடுத்தால், முன்பு கற்ற தேவகீதங்களைத் தெளிவாகப் பாடினாராம்.

பாரிஸ் நகரருகே லெபோர்ஞ் என்பவருக்கு 'டான்' என்னும் ஓரசையன்றி வேறு சொல் பெரும்பாலும் வரவில்லை. 1861இல் வைத்தியர் புரோக்கா, "இவ்வைத்தியசாலையில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்?" என வினவினார். அவரோ இடக்கையை நான்கு முறை விரித்து, பின் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று! சொல் போயிற்று; கணக்குப் போகவில்லை. அவர் இறந்தபின் மூளையின் இடப்புற முன்பகுதி பழுதுற்றிருந்ததைப் புரோக்கா கண்டார்.

இரண்டாம் உலகப் போரிலே தலையிற் காயமுற்ற வீரர்களுக்குப் பேச்சை மீளப் பயிற்றும் முறைகளை ருசிய அறிஞர் லூரியா வகுத்தார். 1973இல் அமெரிக்க வைத்திய அறிஞர் சிலர், சொற்றொடரை இசையோடு பாடுவித்து, இடக்கையால் தாளமிடச் செய்து, இசையைப் படிப்படியாகக் குறைத்துப் பேச்சாக்கும் முறையை வெளியிட்டனர். டாலின் கண்ட அதிசயம் இவ்வாறு ஒரு சிகிச்சையாயிற்று. எல்லார்க்கும் ஒரே அளவிற் பலன் கிட்டுவதில்லை. முதல் மாதங்களில் முன்னேற்றம் விரைவு, பின்னரும் அது நின்றுவிடுவதில்லை.

மைசூரில் 1965இல் பேச்சு, செவிப்புலனுக்கான அகில இந்திய நிறுவனம் எழுந்தது. நம் நாட்டிலே களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையிற் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகின்றது. கரடியனாற்றுக்கு ராகமை தொலைவு; நோயாளியின் வீடோ அருகில்.

ஆதலின் இளைஞர்களே, ஒருவருக்கு வாய் கோணிக் கை சோர்ந்து பேச்சுக் குழறினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பேச்சிழந்து வீடு திரும்பியவரிடம் உரக்கக் கத்தாதீர்கள். சிறு வசனமாகப் பேசி, மறுமொழிக்குப் பொறுத்திருங்கள். 'ஓம்', 'இல்லை' எனத் தலையசைத்து விடைகூறும் வினாக்களைக் கேளுங்கள். அவர் அறிந்த தேவாரத்தையோ கூத்துப் பாட்டையோ அடியெடுத்துக் கொடுங்கள். குடும்பக் காரியங்களில் அவர் கருத்தைக் கேளுங்கள். நாவிழந்தாரை அறிவிழந்தாராக எண்ணாதிருத்தலே அவர்க்கு நாம் செய்யும் முதற் சிகிச்சை.