சலூன் தொழில் கற்க விருப்பமா? வேப்பந்தட்டை வட்டாரப் பிள்ளைகளுக்கான பயிற்சி வழிகள்

பத்தாம் வகுப்பு முடித்த மகன் "சலூன் வேலை கற்கப் போகிறேன்" என்றால் பல வீடுகளில் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இது உள்ளூரிலும் வளைகுடாவிலும் கைகொடுக்கும் தொழில். கடையில் நின்று கற்றவரிடம் திறமை இருக்கும், சான்றிதழ் இருக்காது. வெளிநாட்டு வேலைக்கோ வங்கிக் கடனுக்கோ போகும்போதுதான் அந்தக் குறை தெரியும். எனவே இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்.

1. இலவசக் குறுகிய காலப் பயிற்சி

பெரம்பலூரில் ஐ.ஓ.பி. கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் உள்ளது. 18 வயது நிறைந்த கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சியும் உணவும் இலவசம். அழகுக்கலைப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். ஆண்களுக்கான சலூன் பயிற்சி எப்போது என்று நேரில் கேளுங்கள். இந்தத் தொழில் நமக்கு ஒத்து வருமா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

2. ஐ.டி.ஐ. படிப்பு

'காஸ்மெட்டாலஜி' பிரிவு ஓராண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். முடி, சருமம், நகப் பராமரிப்பு மூன்றும் உண்டு. தேறினால் நாடு முழுவதும் செல்லும் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அரசு ஐ.டி.ஐ.க்களில் மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. எல்லா நிலையங்களிலும் இந்தப் பிரிவு இல்லை என்பதால், சேர்க்கை அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

3. தனியார் அகாடமி

2000-இல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ், 2002-இல் வந்த கிரீன் டிரெண்ட்ஸ் போன்ற நிறுவனங்களால் பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை பெருகியது. அகாடமிக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேருக்கு நானே முடி வெட்டிப் பழகுவேன்? சான்றிதழ் தருவது யார்? கத்தரி, மெஷின் செலவு தனியா?

4. ஏற்கெனவே கடையில் வேலை செய்பவர்கள்

அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை (ஆர்.பி.எல்.) மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு. மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

எங்கே கற்றாலும் விடக்கூடாதவை

ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போட வேண்டும். ரத்தம் பட்ட பிளேடு மூலம் ஹெபடைடிஸ் பி, சி பரவலாம். டை அடிக்கும் முன் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சிறிது தடவி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சொந்தக் கடை வைக்க

சிறுபான்மையினருக்கு டாம்கோ கடன் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 35 வயதைக் கடந்த, ஐந்தாண்டு அனுபவமுள்ள சலூன், அழகுக்கலைத் தொழிலாளர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீத மானியமும் (அதிகபட்சம் ரூ.50,000) கேட்கலாம். இதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள்.

பெண் பிள்ளைகள் பெண்களுக்கு மட்டுமான பார்லரை வீட்டின் ஓர் அறையிலேயே தொடங்கலாம். வெளியே போய் முடி வெட்டத் தயங்கும் நம் பெண்களே முதல் வாடிக்கையாளர்களாக வருவார்கள்.