ஸ்டெயின் என்றால் சாயம் போவது

சவர்க்காரத் தூள் விளம்பரத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழுகிற சொல் 'ஸ்டெயின்'. கறை. சட்டையில் கொட்டின தேத்தண்ணி, பள்ளிக்கூட வெள்ளை கவுனில் பட்ட பேனா மை. தேய்த்துக் கழுவினால் போய்விடும், துணி வெள்ளையாகிவிடும், அவ்வளவுதான் கதை. ஆனா அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனா கதை தலைகீழாக் கிடக்கு. ஸ்டெயின் என்பதன் பழைய பொருள்களில் ஒன்று கறை படிவது இல்லை. நிறம் போவது.

பழைய பிரெஞ்சு மொழியில் 'தெஸ்தேந்த்ர்' என்று ஒரு வினைச்சொல். லத்தீனில் 'திங்கரே' என்றால் தோய்ப்பது, சாயம் ஏற்றுவது. அதற்கு முன்னால் ஒரு எதிர்மறை ஒட்டைச் சேர்த்தால் ஏற்றின சாயத்தை இறக்குவது. இது ஆங்கிலத்துக்குப் போய் 'டிஸ்டெயின்' ஆனது. 14ஆம் நூற்றாண்டளவில் தலை உதிர்ந்து, உடம்பு மட்டும் 'ஸ்டெயின்' என்று நின்றது. வைக்கிங்குகள் கொண்டுவந்த 'ஸ்டெய்னா' என்ற இன்னொரு சொல்லும் அங்கே புழங்கியது. அதற்குப் பொருள் வண்ணம் பூசுவது. ஒன்று நிறத்தை எடுப்பது, மற்றது நிறத்தைக் கொடுப்பது. ஒலி ஏறக்குறைய ஒன்றே என்பதால் இரண்டும் கலந்தன. காலப்போக்கில் பூசுவது நிலைத்தது, எடுப்பது மறைந்தது. மானம், பெயர் கெடுவதற்கும் ஆங்கிலேயர் இதே சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு வழக்கு இருக்கு. ஒருத்தர் வேஷம் கலைந்தால் 'சாயம் வெளுத்துப் போச்சு' என்போம். கறை படிந்தது என்பதும் சாயம் வெளுத்தது என்பதும் நமக்கு இரண்டு தனித்தனி அவமானம். ஆங்கிலச் சொல் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே வாயால் சொன்னது.

'திங்கரே'க்குப் பிள்ளைகள் நிறைய. தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்குப் போடுகிற டிங்சர் அதில் ஒன்று. போர்த்துக்கேயர் மைக்கும் வண்ணத்துக்கும் 'திந்தா' என்றார்கள். அது இலங்கையில் இறங்கி, சிங்களத்தில் 'தீந்த' ஆகி, இலங்கைத் தமிழில் 'தீந்தை' ஆனது. சுவருக்குத் தீந்தை பூசினோம் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஸ்டெயினுடைய ஒன்றுவிட்ட சகோதரம் நம்ம வீட்டுத் திண்ணையில் இவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கு, நமக்குத்தான் தெரியல.

கண்டிச் சீமையின் நவீன வரலாற்றையே கறைகளை வைத்துச் சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. 1820களில் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியவிலும் பேராதனைக்கு அருகே கன்னொருவவிலும் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு ஆட்கள் மன்னார் வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். 1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. தொட்டால் கையில் தூள் ஒட்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 'வஸ்டாட்ரிக்ஸ்' என்றால் பாழாக்குகிறவள். துரைமார் அதைப் பாழாக்கும் எமிலி என்று கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள். கேலி நீடிக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. துரைமார் பலர் ஓட்டாண்டியானார்கள், தொழிலாளர் பலர் சம்பளப் பாக்கியோடு வந்த வழியே நடந்தார்கள்.

கோப்பி போன இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டது இந்த நாட்டின் முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டம். தேயிலைக்கும் ஒரு கறை உண்டு. கொழுந்து கிள்ளும்போது பால் விரலில் பட்டு, காற்று பட்டுக் கறுக்கும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எப்போதும் கறுத்தே இருக்கும், ரேகை வெடிப்புக்குள்ளே கறுப்புக் கோடு ஓடும். எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்தாலும் முழுசாப் போகாது.

இதில் ஒரு வேடிக்கை. ஃபக்டரிக்குள் கொழுந்தை அரைத்துக் காற்றில் பரப்பி வைக்கும்போது நடப்பதும் இதேதான். இலையில் இருக்கிற கேட்டகின் என்ற பொருள், இலையின் நொதியோடும் காற்றின் ஒட்சிசனோடும் சேர்ந்து செம்பு நிறத்துக்கும் கபில நிறத்துக்கும் மாறுகிறது. கோப்பைக்குள் வந்தால் அது தேயிலையின் நிறம், அதற்குத்தான் கொழும்பு ஏலத்தில் விலை. விரலில் வந்தால் கறை. இரசாயனம் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. மலையகத்தில் பால் போடாத தேத்தண்ணிக்குச் 'சாயத்தண்ணி' என்று பேர். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர்களுக்கு லத்தீன் தெரியாது. ஆனா சாயத்தைத் தண்ணியில் இறக்குவதுதான் தேத்தண்ணி என்று சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

கையில் இருக்கிற கறை கைக்கு மட்டும் சொந்தம். வம்சத்துக்குக் கறை பூசுகிற வேலையைச் சட்டம் செய்தது. அதற்கு ஆங்கிலேயரிடம் வேறொரு சொல் இருந்தது: 'அட்டெயின்ட்'. தேசத்துரோகக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றவர் அட்டெயின்ட் ஆனவர். அவருடைய இரத்தமே கெட்டுவிட்டது என்று சட்டம் கொள்ளும். சொத்து பறிபோகும், அவர் வழியாகப் பிள்ளைகளுக்கு எந்த உரிமையும் இறங்காது. உண்மையில் அந்தச் சொல் வந்தது தொடுவது, எட்டிப் பிடிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து. சாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனே அதற்குக் கறைபட்டவன், கறுக்கப்பட்டவன் என்று பொருள் எழுதினார். அந்தக் குழப்பம் அவருக்கு முன்னாலேயே ஊறிப்போன ஒன்று. 'டெயின்ட்' என்று இன்று ஆங்கிலத்தில் இருக்கிற சொல்லுக்குள்ளேயே சாயமும் குற்றமும் சேர்ந்துதான் கிடக்கின்றன. பிரித்தானியா 1870இல் அந்த இரத்தக் கேட்டுச் சட்டத்தைக் கைவிட்டது.

கண்டிக்கு அது தெரியாத விஷயம் இல்லை. 1818 கிளர்ச்சியின்போது ஆளுநர் பிரவுன்றிக்கின் ஆட்சி கண்டித் தலைவர்களைத் துரோகிகள் என்று அறிவித்துச் சொத்துக்களைப் பறித்தது. கெப்பெட்டிபொலவை அந்த வருடம் நவம்பரில் போகம்பறையில் தலை வெட்டினார்கள். அந்தத் துரோகிப் பட்டம் காகிதத்தில் ஏறத்தாழ 200 வருடம் இருந்தது. 2016 டிசம்பரில், கண்டி மகுல் மடுவவில் வைத்து, 19 பேரின் பட்டத்தை நீக்கும் பிரகடனத்தில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்டார். நல்ல காரியம். அதைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு 1948தான் ஞாபகம் வந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் வென்றவர் கே. ராஜலிங்கம். அடுத்த வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும் போதாது. அப்பா இங்கே பிறந்திருக்க வேணும். இல்லையென்றால் அப்பப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேணும். லயத்துக் காம்பராவில் பிறந்த தாத்தாவுக்குப் பத்திரம் எங்கே போய்த் தேடுவது? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களிலும் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். அதே வருடத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் எடுத்தது. 1952இல் அந்தக் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை.

அட்டெயின்டரும் பிரஜாவுரிமைச் சட்டமும் சட்டரீதியாக ஒன்றல்ல. இங்கே யார் மேலும் குற்றம் சாட்டப்படவில்லை, யாரும் விசாரிக்கப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம் என்பது எங்கள் கருத்து. அப்பன் வழியில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைப் பிள்ளைக்கு இறக்குகிற வழி இரண்டிலும் ஒன்று. கூடவே ஸ்டெயினின் மறந்துபோன பழைய பொருளும் இங்கே அப்படியே பொருந்துது. இந்த மக்கள் மேல் புதுசா எதையும் பூசல. இருந்ததை எடுத்தாங்க. எடுத்த இடம்தான் கறை மாதிரித் தெரிந்தது.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அதையும் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். போனவர்களில் ஒரு பகுதியினருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டமே போட்டது. இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். விரலில் அதே கறை. இங்கே எஞ்சியவர்களுக்கு 1988இலும், கடைசியாக 2003இலும் வந்த சட்டங்கள் பிரஜாவுரிமை கொடுத்தன. மகுல் மடுவவில் விழா ஒன்றும் நடக்கவில்லை.

தமிழில் 'கறை' எப்போதும் இழிவு இல்லை. நஞ்சு தங்கிய சிவனின் தொண்டையைக் கறைமிடறு என்று தேவாரம் பாடுது. அங்கே கறை அழகு, அடையாளம். தேர்தல் அன்றைக்கு விரலில் பூசுகிற மையும் அந்த ஜாதிதான். அதில் இருக்கிற வெள்ளி நைத்திரேற்று தோலோடு ஒட்டி, வெளிச்சம் பட்டுக் கறுக்கும், நகம் வளர்ந்துதான் போகும். யாரும் அதைக் கறை என்று சொல்வதில்லை. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். எங்கள் பாட்டிமாரில் சிலருக்கு அந்த மை முதல் தடவை பட்டது அறுபது வயதுக்குப் பிறகு. கொழுந்துப் பாலில் ஏற்கனவே கறுத்திருந்த கையில்.

இன்னமும் எங்களில் சிலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு 'கண்டி' என்று மட்டும் எழுதுவதுண்டு. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, அதனால் எந்தச் சட்டத்தாலும் அது நீங்கவும் இல்லை.

ஹந்தானையில், பழைய தேயிலை ஃபக்டரிக்குள் இருக்கிற தேயிலை நூதனசாலைக்குப் போனா அந்தக் காலத்து இயந்திரங்களைப் பார்க்கலாம். தேயிலை ருசி பார்ப்பவர்கள் 'டெயின்ட்' என்ற சொல்லை இன்றும் தொழிலில் வைத்திருக்கிறார்கள். புகையோ எண்ணெயோ வெளியிலிருந்து ஏறின வேறு வாசமோ தேத்தண்ணியில் தெரிந்தால் அதுதான் டெயின்ட். அப்படி ஒன்று தெரிந்தால் முதலில் தேடுவது, அந்தத் தேயிலைக்குப் பக்கத்தில் எதை வைத்திருந்தார்கள் என்றுதான்.