பாதையில் போன காலம்

கிழக்கிலே 'பாதை' என்றால் தெரு மட்டுமல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் துறை கடக்கும் தட்டையான மிதவையும்தான். அகராதியை மட்டும் நம்பிப் படித்தவருக்கு "பாதை அக்கரையில நிக்கிது" என்ற பேச்சு விளங்காது.

திருகோணமலை - மட்டக்களப்பு வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதைதான். நோயாளியானாலும் சரி, மீன் கொண்டுபோகும் யாவாரியானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே காத்திருப்பு. மூதூரார் கொட்டியாரக் குடாவை லாஞ்சில் கடந்து திருகோணமலைக்குப் போய்வந்தார்கள்.

2009 ஒக்டோபரில், சவூதி உதவியோடு கட்டிய 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. பாதையின் கதை முடிந்தது என்றுதான் வகுப்பிலே நானும் சொல்லி வந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டி முடியும்வரை சனம் மறுபடி மிதவையில் ஏற வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மௌத்தானார்கள். எத்தனை பேரை ஏற்றலாம், அதை யார் பார்ப்பது என்ற கேள்விகளெல்லாம் ஜனாஸாக்களுக்குப் பிறகுதான் உரத்துக் கேட்கப்பட்டன.