ஃபேட்டி லிவர்: பயாப்ஸி இல்லாமலே கல்லீரல் பாதிப்பைக் கண்டறிவது எப்படி? உடல் பருமன் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தால் சிலர் பதறிப் போகிறார்கள். 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று சிலர் மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. அந்த கிரேடு கொழுப்பின் அளவை மட்டும்தான் சொல்கிறது. உண்மையான ஆபத்து, கல்லீரலில் விழும் தழும்பு. மருத்துவர்கள் இதை 'ஃபைப்ரோசிஸ்' என்கிறார்கள். இது முற்றினால்தான் சிரோசிஸ்.

சாதாரண ஸ்கேன் போதாதா?

ஆரம்பகட்டத் தழும்பை சாதாரண அல்ட்ராசவுண்ட் காட்டாது. உடல் பருமன் இருந்தால் படமும் தெளிவாகத் தெரியாது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தும் தழும்பு இருக்கலாம். பயாப்ஸியில் தழும்பை நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் ஊசியில் எடுக்கும் துணுக்கு, கல்லீரலில் சுமார் 50 ஆயிரத்தில் ஒரு பங்குதான். அரிதாக ரத்தக்கசிவும் ஏற்படலாம்.

முதல் படி: ஃபிப்-4 கணக்கு

இதற்கு வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை போதும். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்க வேண்டும். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தை பிளேட்லெட்டால் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். பிளேட்லெட் 2 லட்சம் என்றால் 200 என்று எடுத்துக்கொள்ளலாம்.

உதாரணமாக, 52 வயது, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் விடை 1.56.

* 1.3-க்குக் கீழ்: முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு
* 1.3 முதல் 2.67 வரை: அடுத்த பரிசோதனை தேவை
* 2.67-க்கு மேல்: கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும்

65 வயதைத் தாண்டியவர்களுக்கு கீழ் எல்லை 2.0. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு துல்லியம் இல்லை.

இரண்டாவது படி: ஃபைப்ரோஸ்கேன்

விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து, மெல்லிய அதிர்வலையை அனுப்புவார்கள். கல்லீரல் இறுகியிருந்தால் அலை வேகமாகப் பாயும். வலி இருக்காது; சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். 'கேப்' என்பது கொழுப்பு. 'கிலோபாஸ்கல்' என்பது இறுக்கம். இது 8-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் நிம்மதி. 12-க்கு மேல் என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு அதிகம்.

பருமனானவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையே கொழுப்பு தடிமனாக இருந்தால், வழக்கமான 'எம்' ப்ரோப்பில் அளவு கிடைக்காமல் போகலாம். உண்மையைவிட அதிகமாகவும் காட்டலாம். இந்த இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் 'எக்ஸ்எல்' ப்ரோப் தேவை. ஸ்கேனுக்குப் போகும் முன்பே அது அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. குறைந்தது 3 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் ஏறிவிடும்.

சரிசெய்ய முடியுமா?

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 10 சதவீதம் குறைத்தால் தழும்பே குறைய வாய்ப்புண்டு. ஆனால் சிரோசிஸ் வரை போய்விட்டால் மீள்வது கடினம். சர்க்கரை நோயும் பருமனும் சேர்ந்து இருப்பவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், இந்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம்.